பேர் வெட்டிய பாத்திரங்கள்

என் அடுக்களையில் இருக்கிற பாத்திரங்களில் பாதிக்கு மேல் அடுத்தவர் பெயர் வெட்டியவை. பித்தளைச் சொம்பின் கழுத்தில் ‘கோ. மீ.’ என்று புள்ளி புள்ளியாக இருக்கிறது. எவர்சில்வர் தூக்குவாளியின் மூடியில் 12-9-76 என்று ஒரு தேதி மட்டும். ஒரு தாம்பாளத்தின் விளிம்பில் ‘அத்தை அன்பளிப்பு’. எந்த அத்தை, யாருக்கு அத்தை என்று தெரியாமலே ஐந்து வருடமாக அதில் காய் நறுக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வருகிற தோழிகள் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிப் பார்த்து, “யாருடி இந்த வி.ஆர்.?” என்பார்கள். “தெரியாது, பல்லாவரத்துல கிடைச்சார்” என்பேன்.

குரோம்பேட்டையிலிருந்து பல்லாவரம் ஒரே ஒரு ஸ்டேஷன். வெள்ளிக்கிழமைகளில் எனக்கு மதிய ஷிஃப்ட். காலை ஏழரைக்குச் சந்தைக்குள் நுழைந்தால் பத்தரைக்குள் வீடு திரும்பிவிடலாம். ஒரு காலத்தில் மாட்டுச் சந்தையாக இருந்த இடம் அது. இப்போது பூச்செடி, கோழிக்குஞ்சு, மீன் தொட்டி, ஓடாத மிக்ஸி, ஓடுகிற கடிகாரம், கம்ப்யூட்டர் உதிரிபாகம், கட்டில், கதவு, கைலி, காய்கறி எல்லாமே ஒரே ரோட்டில். ஒரு தார்பாயில் நூறு ரிமோட்கள் கிடக்கும். அவற்றுக்குரிய டிவிகள் எங்கே போயின என்று யாரும் கேட்பதில்லை.

இந்தச் சாமான்கள் எங்கிருந்து வருகின்றன என்று கடைக்காரர்களிடம் பேசிப் பேசித் தெரிந்துகொண்டேன். தனி வீட்டை இடித்து அபார்ட்மென்ட் கட்டும்போது கதவு, ஜன்னல், உத்தரமெல்லாம் இடிக்கிற காண்ட்ராக்டர் வழியாக வருகின்றன. அப்பா அம்மா போன பிறகு வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் பத்து நாள் லீவில் வீட்டைக் காலி செய்கிறார்கள். அது மொத்தமாக ஒரு டாடா ஏஸில் ஏறி வருகிறது. டிரான்ஸ்ஃபரில் போகிறவர்கள், கடனில் இருப்பவர்கள், கடை மூடியவர்கள். ஒவ்வொரு தார்பாயும் ஏதோ ஒரு வீடு முடிந்துபோன செய்தி.

என் வீட்டைப் பார்க்கிறவர்கள் “செம டேஸ்ட்” என்கிறார்கள். “வின்டேஜ் ஃபீல்” என்று ஒருத்தி போட்டோ எடுத்துக்கொண்டு போனாள். இந்த டேஸ்ட் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் கொஞ்சம் சுற்றுவழி. ஏனென்றால் பழைய பொருள் எனக்குப் புதிது இல்லை. நான் வளர்ந்ததே அதில்தான்.

*

கும்பகோணத்தில் அப்பாவுக்குப் பாத்திரப் பட்டறையில் வேலை. அம்மா இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் சமையலுக்கும் மேல்வேலைக்கும் போய்க்கொண்டிருந்தாள். நாங்கள் அதைப் ‘பெரிய வீடு’ என்று சொல்வோம். அந்த வீட்டில் என்னைவிட ஒரு வயது மூத்த பெண் ஒருத்தி இருந்தாள். எட்டாம் வகுப்பு முடிகிற வரை, ஸ்கூல் யூனிஃபார்ம் தவிர என் உடம்பில் ஏறிய எல்லாத் துணியும் அவள் பீரோவிலிருந்து வந்தவை.

நல்ல துணிகள். அதைச் சொல்ல வேண்டும். அந்த வீட்டம்மா கிழிசலைக் கொடுக்க மாட்டார். துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து, துணிக்கடைப் பையிலேயே வைத்துத் தருவார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைவிட நான் நன்றாகவே உடுத்தியிருந்தேன்.

ஆனால் அந்த வீட்டுத் துணிகள் எல்லாவற்றிலும் ஒரு குறி இருக்கும். பாவாடையின் இடுப்புப் பட்டியில், சட்டைக் காலரில், உள்பக்கமாக, கறுப்பில் ஒரு கோடும் இரண்டு புள்ளியும். எந்த வீட்டுத் துணி என்று அடையாளம் தெரிவதற்காகச் சலவைக்கு எடுத்துப் போகிறவர் போடுகிற குறி அது. சேங்கொட்டையின் சாற்றைத் தொட்டுப் போடுவார்கள். துணி நைந்து போனாலும் குறி போகாது. எங்கள் வீட்டுத் துணி ஒருநாளும் சலவைக்குப் போனதில்லை. அம்மாவே கல்லில் அடித்துத் துவைப்பாள். ஆனாலும் என் துணி எல்லாவற்றிலும் சலவைக் குறி இருந்தது.

ஒருநாள் அந்தப் பெண் அம்மாவைக் கூப்பிட எங்கள் வீட்டுக்கு வந்தாள். கொடியில் என் பாவாடை திருப்பிப் போட்டுக் காய்ந்துகொண்டிருந்தது. “ஐ, எங்க வீட்டுக் குறி!” என்றாள். கேலியே இல்லை. தெரிந்தவர்களைத் திருவிழாவில் பார்த்துவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம். நான் அன்றிலிருந்து துணியை நேர்ப்பக்கமாகவே காயப்போட ஆரம்பித்தேன். வெயிலில் சாயம் போகும் என்று அம்மா திட்டினாள். போனால் போகட்டும் என்று இருந்தது.

துணியைக் கொடுத்த பிறகு அந்த வீட்டம்மா கேட்பார்: “நல்லா இருக்காடி?”

“நல்லா இருக்கும்மா.”

அந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது. அளவு பெரிதாக இருந்தாலும், கழுத்து அரித்தாலும், நிறம் பிடிக்காவிட்டாலும் அதே பதில்தான். அந்தப் பெண்ணுக்கு ரோஸ் கலர் பிடிக்கும். அதனால் எனக்கும் ரோஸ் கலர். எனக்கு அது பிடிக்குமா என்ற கேள்வியே என் தலைக்குள் எழுந்ததில்லை.

தீபாவளி மட்டும் விலக்கு. சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு வரும் தவணைக்கார அண்ணனிடம் அம்மா எனக்கு ஒரே ஒரு புதுத் துணி எடுப்பாள். ஆடியில் ஆரம்பித்தால் பொங்கல் வரைக்கும் தவணை ஓடும். விலைச் சீட்டை முதல்நாளே கிழிக்க விடமாட்டாள். விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்த பிறகு, மூலையில் மஞ்சள் தடவி, அப்போதுதான் சீட்டைப் பிய்த்து எடுத்துத் தருவாள். “இதுல எவ குறியும் இல்ல பாரு” என்று ஒரு தடவை சொன்னாள். அவளும் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

*

பழைய துணி என்றால் நம் ஊரில் முகம் சுளிப்பார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. பிறந்த குழந்தைக்கு முதலில் போடுவது பழைய துணிதான். தாத்தாவின் நைந்த வேட்டியைக் கிழித்துத்தான் குழந்தைக்கு விரிப்பார்கள். பாட்டியின் பழைய நூல்புடவைதான் தூளி. புதுத்துணியின் கஞ்சி குழந்தையின் தோலை உரசும் என்பது காரணம். பெரியவர்கள் ஆயுசு குழந்தைக்கு வரும் என்பது இன்னொரு காரணம். சாகும்போதுதான் எல்லோருக்கும் கட்டாயமாகப் புதுத்துணி, கோடி. இடையில் ஒரு புடவை எத்தனை பிறவி எடுக்கும் என்பது எந்த வீட்டிலும் பார்க்கக் கூடியது: புடவை, பாவாடை, தலையணை உறை, கரித்துணி, கடைசியில் விளக்குத் திரி. மிச்சமிருந்தால் தெருவில் பாத்திரக்காரி வருவாள். நாலு புடவைக்கு ஒரு எவர்சில்வர் பேசின்.

ஆக, பழசில் தோஷம் இல்லை. அது எந்தத் திசையில் போகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. வீட்டுக்குள் மூத்தவளிடமிருந்து இளையவளுக்கு வந்தால் அது பாசம். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு வந்தால், அது எப்போதும் மேலிருந்து கீழே வரும். பழைய சோறும் பழைய துணியும் ஊருக்குத் தொழில் செய்கிற சாதிகளுக்குக் கூலியின் ஒரு பகுதியாகவே இருந்த மண் இது. சாவு வீட்டுத் துணி யாருக்குப் போக வேண்டும் என்பதற்கும் ஊரில் வழக்கம் இருந்தது. மனுஸ்மிருதியின் 10ஆம் அத்தியாயம் இதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறது: சண்டாளர் உடுத்த வேண்டியது இறந்தவர்களின் ஆடை. அதற்குப் பிறகு ‘செகண்ட் ஹேண்ட் துணி’ என்ற சொல் எல்லோர் காதிலும் ஒரே மாதிரி விழும் என்று எதிர்பார்க்க முடியாது.

இன்ஸ்டாகிராமில் த்ரிஃப்ட் கடைகள் 2020 ஊரடங்கு சமயத்தில் பெருகின. என் ஆபீஸ் பெண்கள் அதில் யாரோ போட்ட டெனிம் ஜாக்கெட்டை வாங்கிப் பெருமையாகப் போட்டுக்கொண்டு வந்தார்கள். “ப்ரீ-லவ்டு” என்று அதற்குப் பெயர். யாரோ ஏற்கெனவே நேசித்த துணியாம். நான் சின்ன வயதில் போட்டதெல்லாம் ப்ரீ-லவ்டுதான், அப்போது அந்த வார்த்தை இல்லை, அவ்வளவுதான் என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

*

2018இல் லேடீஸ் ஹாஸ்டலை விட்டு வெளியே வந்து குரோம்பேட்டையில் ஒரு ஒற்றைப் படுக்கையறை வீடு எடுத்தேன். அட்வான்ஸ் கட்டிய பிறகு கையில் இருந்தது ஒரு பாய், ஒரு பக்கெட், ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு. உட்கார ஒன்றுமில்லை. புது நாற்காலிக்குக் காசில்லாததால்தான் முதல் வெள்ளிக்கிழமை பல்லாவரம் போனேன். ரசனை கிசனை எல்லாம் அப்போது இல்லை.

ஒரு சாய்வு நாற்காலி துணி இல்லாமல் வெறும் சட்டமாக நின்றிருந்தது.

“எவ்ளோ பாய்?”

“ஆயிரத்தி ஐநூறு.”

“துணியே இல்லியே.”

“துணி இருந்தா மூவாயிரம்மா. மரத்தப் பாருங்க, பர்மா தேக்கு.”

(பல்லாவரத்தில் எல்லா மரமும் பர்மா தேக்குதான். பிளைவுட்கூட.)

நான் நாற்காலியைச் சாய்த்துப் பார்த்தேன். கைப்பிடியில் யாரோ வருஷக்கணக்காக டீ டம்ளர் வைத்து வைத்து வளையம் வளையமாகக் கறை. பின்னங்கால் ஒன்றில் பழைய ஒட்டு. “வேணாம் பாய்” என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

உண்மையாகவே வேண்டாம் என்று நடந்தேன். பேரம் பேசுகிற தந்திரமெல்லாம் அப்போது தெரியாது. நாலு கடை தாண்டிய பிறகு உடம்பில் என்னவோ மாதிரி இருந்தது. ஒரு பழைய பொருளைக் கையில் வாங்கிப் பார்த்து, திருப்பி வைத்து, ‘வேணாம்’ என்று சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. “ஏன், உனக்குப் பிடிக்கலையா?” என்று யார் முகமும் சுருங்கவில்லை. மறுநாள் அந்த வீட்டு வாசலில் அம்மா போய் நிற்க வேண்டியதும் இல்லை. பாய் பாட்டுக்கு அடுத்த ஆளிடம் பர்மா தேக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து எண்ணூறு ரூபாய்க்கு அதை வாங்கினேன். இந்தத் தடவை எனக்கு வேண்டும் என்பதால். கித்தான் துணி வாங்கி, இரண்டு பக்கமும் கட்டை நுழைகிற மாதிரி தைத்து மாட்டினேன். டம்ளர் கறையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாம் என்று தச்சர் அண்ணன் சொன்னார். விட்டுவிட்டேன். என் டீ டம்ளரும் சரியாக அந்த வளையத்தில்தான் உட்காருகிறது.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகள் எனக்குப் பள்ளிக்கூடம் மாதிரி ஆகிவிட்டன. மரச் சாமானை முன்பக்கம் பார்க்கக் கூடாது, கவிழ்த்து அடிப்பக்கம் பார்க்க வேண்டும். பாலிஷ் பொய் சொல்லும், அடிப்பலகை சொல்லாது. டிராயரை உருவி மூலையைப் பார்க்க வேண்டும்: ஆணியா, பல்லுக்குப் பல் கோத்த இணைப்பா? சின்னச் சின்ன ஓட்டைகளுக்குக் கீழே மாவு மாதிரி தூள் கொட்டியிருந்தால் உள்ளே பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது. நல்ல தேக்கு கனக்கும், சுரண்டினால் எண்ணெய் வாசனை அடிக்கும். பழைய அரக்கு பாலிஷை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தால் கரைந்து வரும். புது பெயின்ட் வராது. பித்தளையில் சமைப்பதானால் உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும். பூச்சு போயிருந்தால் புளி போட்ட எதையும் அதில் வைக்கக் கூடாது. நூல்புடவையை மடிப்பில் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகக் காட்ட வேண்டும். முதலில் நைவது மடிப்புதான். மெத்தை, தலையணை, குஷன் வைத்த சோபா எதையும் எந்த விலைக்கும் வாங்கக் கூடாது. மூட்டைப்பூச்சி இலவசமாக வரும்.

இவை தொழில்நுட்பம். ஸ்டைல் என்பது வேறொரு வழியாக வந்தது.

இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் கழுவிவிட்டுச் சாமான்களைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தேன். ஊறுகாய் ஜாடி பச்சை. எனாமல் தட்டுகளின் விளிம்பு பச்சை. மேஜையாகப் போட்டிருக்கும் பழைய ஜன்னல் கதவில் உரிந்தும் உரியாமலும் பாசிப்பச்சை. ஜன்னலில் தொங்கும் சுங்குடிப் புடவை கரும்பச்சை. நான் திட்டம் போட்டு எதையும் வாங்கவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஏதோ ஒன்றைத் தனியாகப் பார்த்து, தனியாகப் பிடித்து எடுத்து வந்தவை. எனக்குப் பச்சை பிடிக்கும் என்பது இருபத்தெட்டு வயதில் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ரோஸ் கலரில் வீட்டில் ஒரு ஸ்பூன்கூட இல்லை.

புதுச் சாமான் கடையில் இது நடந்திருக்காது என்று நினைக்கிறேன். அங்கே இந்த வருஷம் என்ன நிறம், என்ன வடிவம் என்பதை ஏற்கெனவே யாரோ முடிவு செய்து அடுக்கி வைத்திருப்பார்கள். சாம்பல் சோபாவில் கடுகு மஞ்சள் குஷன் என்றால் கடை முழுக்க அதுதான். நம் வேலை அதற்குத் தலையாட்டுவது. சந்தையில் 1960இன் ரேடியோவும் 2015இன் டேபிள் ஃபேனும் ஒரே தார்பாயில் கிடக்கின்றன. எது ஃபேஷன் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. நூறு பொருளைக் கடந்து நூற்றியோராவது பொருளிடம் கால் நிற்கிறது என்றால், அது நம்முடைய கால்தான். எது எது வேண்டாம் என்று விட்டுக்கொண்டே வந்தால் கடைசியில் கையில் மிஞ்சுவதுதான் ஸ்டைல் என்று எனக்குப் படுகிறது. வேண்டாம் என்று சொல்ல முடியாதவர்களுக்கு ஸ்டைல் இருக்க வழியில்லை. கொடுத்ததைப் போட்டுக்கொள்ளும் உடம்பு மட்டும்தான் இருக்கும்.

*

பழைய பொருளுக்குத் தமிழ்நாட்டில் மூன்று பெயர்கள். ஆன்டிக், செகண்ட் ஹேண்ட், காயலாங்கடைச் சாமான். பொருள் ஒன்றாகவே இருக்கலாம். எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறும்.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒருமுறை போனேன். தெரு முழுக்கப் பழம்பொருள் கடைகள். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த எனாமல் அடுக்குகள், பீங்கான் ஜாடிகள், தேக்குத் தூண்கள், கதவு நிலைகள், ரவிவர்மா படங்கள். ஒரு கடையில் எனாமல் டிபன் கேரியரைக் கையில் எடுத்தேன். “செட்டியார் வீட்டுச் சாமான்மா, ஸ்வீடன்ல இருந்து வந்தது” என்றார் கடைக்காரர். விலையில் பாதி அந்த வாக்கியத்துக்குத்தான். அது தவறு என்று சொல்லவில்லை, அழகான பொருள். ஆனால் யாருடைய வீட்டிலிருந்து வந்தது என்று சொன்னால் விலை ஏறுகிற பொருளும், சொன்னால் விலை இறங்குகிற பொருளும் உண்டு. எங்கள் தெருவில் எந்த வீட்டு டிபன் கேரியரும் ‘இன்னார் வீட்டுச் சாமான்’ என்று விற்பனைக்குப் போகாது. எடைக்குத்தான் போகும்.

சென்னையில் இந்த மூன்று பெயர்களும் கலந்து கிடந்த ஒரு இடம் இருந்தது என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்: மூர் மார்க்கெட். பழைய புத்தகத்துக்காகப் போனவர்கள் கிராமஃபோனோடு திரும்பிய கதைகள். 1985 மே மாதம் அது எரிந்துபோனது. கடைக்காரர்கள் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். எரிந்த இடத்தில் சென்ட்ரலின் புறநகர் ரயில் நிலையம் வந்தது. ரயில் அட்டவணைகளில் அது எம்.எம்.சி. என்று மூன்று எழுத்தாக இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்ட சந்தை. ஆனாலும் அந்த மூன்று எழுத்தைப் பார்க்கும்போது, பாத்திரத்தின் மூடியில் பழைய முன்னெழுத்தைப் பார்க்கிற மாதிரியே இருக்கும்.

*

அப்பா போன பிறகு அம்மா வருடத்துக்கு இரண்டு மாதம் என்னோடு வந்து இருப்பாள். முதல் தடவை வந்தபோது வாசலில் நின்றபடியே வீட்டை ஒரு சுற்று பார்த்தாள். “என்னடி இது, காயலாங்கடையா?” என்றாள். சாய்வு நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றாள். “எந்தக் கிழவன் செத்த நாற்காலியோ.” தரையில் பாய் விரித்து உட்கார்ந்து டிவி பார்த்தாள். நான் போட்டிருந்த சட்டையைப் பார்த்து, “இதுவும் அங்கதானா?” என்றாள். ஆமாம் என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பது திட்டுவதைவிட மோசம்.

“மாசம் சம்பளம் வாங்குற. உனக்கென்னடி தலையெழுத்து?” என்று ராத்திரி படுத்த பிறகு இருட்டில் கேட்டாள்.

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. தேர்ந்தெடுப்பது, நிராகரிப்பது என்று மேலே எழுதியிருப்பதெல்லாம்தான். ஆனால் மூன்று தவணைக்கு ஒரு பாவாடை எடுத்துக் கொடுத்தவளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. “எனக்குப் பிடிச்சிருக்கும்மா” என்றேன். “பிடிச்சிருக்காமா” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, செடி வாங்கலாம் என்று சொல்லி அவளைச் சந்தைக்குக் கூட்டிப்போனேன். துணிக் குவியல்களைத் தாண்டும்போது முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். பாத்திரத் தார்பாய் வந்ததும் நின்றுவிட்டாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பட்டறைக்காரர் பெண்டாட்டி அல்லவா? ஒரு வெண்கலப் பானையை விரல்முட்டியால் தட்டி, காதுக்குப் பக்கத்தில் வைத்து, “கீறல் விழுந்திருக்கு, சத்தம் செத்துப்போச்சு” என்று கீழே வைத்தாள். ஒரு பித்தளைக் குடத்தைக் கையில் தூக்கி எடை சொன்னாள். கடைக்காரர் தராசில் வைத்துப் பார்த்தார். ஐம்பது கிராம்கூட வித்தியாசம் இல்லை. “எந்த ஊரும்மா?” என்று கேட்டார். “கும்மோணம்” என்றாள், இதைக் கேட்க வேறு வேண்டுமா என்கிற மாதிரி.

கடைசியில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளியை எடுத்தாள். கனமான பழைய தகடு, கைப்பிடி ஆடவில்லை. முந்நூறு ரூபாயை நூற்று எண்பதுக்குக் கொண்டுவந்தாள். காசை எடுக்கும்போது மூடியைத் திருப்பிப் பார்த்தாள். 12-9-76. வைத்துவிட்டாள்.

“பேர் வெட்டியிருக்கு. வேணாம்.”

“பேர் இல்லம்மா, தேதிதான்.”

“பஃபிங் போட்டு அழிச்சுத் தர்றேம்மா, அம்பது ரூபா” என்றார் கடைக்காரர்.

“அழிச்சா தகடு மெலிஞ்சிடும்” என்றாள் அம்மா. எழுந்துகொண்டாள். நான் பின்னால் நின்று அதை வாங்கிப் பைக்குள் போட்டேன். அவள் பார்த்தாள், தடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். அப்பாவுக்கு மூச்சிரைப்பு வந்து பட்டறைக்குப் போக முடியாமல் போன வருடம், 2001. எனக்குப் பத்து, பதினொரு வயசு. பாத்திரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. ‘ஈயம் பூசக் கொடுத்திருக்கு’ என்று சொன்னாள். எல்லாம் அடகுக் கடைக்குப் போயிருந்தன. முதலில் அண்டா. அப்பாவே தட்டி, அவருடைய சேக்காளி பேர் வெட்டியது. அம்மாவின் முழுப் பெயர், அப்பாவின் முன்னெழுத்து, கல்யாணத் தேதி. பிறகு இரண்டு குடம், ஒரு தவலை, வெண்கலப் பானை. வட்டி கட்டக் கட்டப் பார்த்து, ஒருநாள் எல்லாமே மூழ்கிப் போய்விட்டன.

“எங்கியாவது இருக்கும்ல?” என்றாள். “உருக்காம இருந்தா எங்கியாவது இருக்கும். யாராச்சும் நெல்லு அவிச்சுக்கிட்டிருப்பாங்க என் பேர்ல.”

“சந்தையில தேடிப் பாக்கட்டுமாம்மா?”

“எதுக்கு? கிடைச்சா திருப்பியும் காசு குடுத்துதானே வாங்கணும்.” கீரைத் தண்டை ஒடித்துப் போட்டாள். “அவிக்கட்டும் போ.”

அன்றிலிருந்து நான் சந்தையில் பேர் வெட்டிய பாத்திரங்களைத் தவிர்ப்பதில்லை. தேடுவதும் இல்லை. கையில் கிடைத்தால் படித்துப் பார்க்கிறேன். பெயர் வெட்டிய பாத்திரத்துக்குச் சந்தையில் விலை குறைவு, இருபது முப்பது ரூபாய் குறைத்துத் தருவார்கள். யாரும் அழித்துத் தரச் சொல்லாமல் வாங்குவதில்லை என்றார் ஒரு கடைக்காரர். நான் அழிக்கச் சொல்வதில்லை. காரணம் கேட்டால், தகடு மெலிந்துவிடும் என்கிறேன்.

*

அம்மா இப்போதும் பழைய துணியைத் தொடுவதில்லை. அவளுக்கு நான் புடவை எடுப்பது கடையில்தான். பில்லைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொள்வாள், கஞ்சி மொடமொடப்பு போகுமுன் இரண்டு தடவை முகர்ந்து பார்ப்பாள். அதில் நான் குறுக்கே பேசுவதில்லை. எனக்குப் பழசை எடுக்கிற சுதந்திரம் எங்கிருந்து வந்ததோ, அவளுக்குப் புதுசு மட்டுமே வேண்டும் என்கிற பிடிவாதமும் அங்கிருந்துதான் வந்தது. இரண்டு பேரும் ஒரே கொடியில் காய்ந்த துணியைப் பார்த்தவர்கள்.

சாய்வு நாற்காலியில் கடைசிவரை அவள் உட்காரவில்லை. போன தை மாதம் வந்தபோது, நான் ஆபீஸ் போயிருந்த நேரத்தில், தெருமுனைக் கடைக்குத் தானே நடந்து போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். தன் முதியோர் பென்ஷன் காசில். கடைக்காரப் பையன் தலையில் தூக்கி வந்து போட்டுவிட்டுப் போனானாம். நல்ல ரத்தச் சிவப்பு. கைப்பிடியில் சுற்றியிருந்த பாலித்தீனை அவிழ்க்கவில்லை.

“எவ்ளோம்மா?”

“அறுநூத்தம்பது சொன்னான். வேணாம்னு நடந்தேன். கூப்புட்டு அஞ்சு நூறுக்குக் குடுத்தான்.”

அந்த நாற்காலி ஹாலில் பாசிப்பச்சை ஜன்னல் கதவுக்கும் தேக்கு அலமாரிக்கும் நடுவில் இருக்கிறது. போட்டோ எடுக்க வருகிற தோழி அதைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளலாமா என்று கேட்டாள். அது அம்மாவுடையது, அங்கேயே இருக்கட்டும் என்றேன். அம்மா ஊருக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. பாலித்தீன் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதைப் பிரிக்க வேண்டிய நாளை அவள்தான் சொல்ல வேண்டும்.